நான் வாங்காமல் விட்ட ஏர் பிரஷ்

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சுவர் ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருகிறவன். அப்படிப்பட்டவன் தன் கதையை எழுதி, அதைப் படிக்க உங்கள் நேரத்தையும் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை மூன்று இடங்களில் சொல்லாமல் விட்டேன். எழுதியாவது வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிடிக்கவில்லை என்றால் பாதியிலேயே மூடி வைத்துவிடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

திருவொற்றியூரில் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகை போட்டு, மோட்டார் சைக்கிள்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். நிறம் அடிப்பது மட்டுமில்லை, பெட்ரோல் டேங்கில் படமும் போடுவேன். புலி, கழுகு, நெருப்பு எல்லாம் கேட்பார்கள். ஆனால் என்னைத் தேடி வந்ததெல்லாம் முகத்துக்காகத்தான். எங்கள் பக்கத்தில் செத்துப்போனவர்களின் முகத்தை வண்டியில் போட்டுக்கொள்வார்கள். அப்பா முகம், அண்ணன் முகம், கூட வளர்ந்த தோஸ்தின் முகம். வருஷ நினைவு நாள் வந்தால் அந்த வண்டியை முன்னால் விட்டு, மற்றவர்கள் பின்னால் போவார்கள்.

முகம் போடுகிறபோது நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முகம் முழுவதும் முடித்துவிட்டு, கருவிழியில் வைக்கும் வெள்ளைப் புள்ளியை மட்டும் விட்டுவிடுவேன். கடுகில் பாதி இருக்கும். அது இல்லாத கண் பொம்மைக் கண் மாதிரி இருக்கும். அது விழுந்ததும் ஆள் நம்மைப் பார்ப்பான். அந்தப் புள்ளியை வண்டிக்காரர்கள் வந்து நிற்கும்போதுதான் வைப்பேன். கண் திறப்பது என்று அதற்குப் பேர் வந்துவிட்டது. சிலர் பூ, பழத்தோடு வருவார்கள். கண் போட்ட பிறகு அதை எதுவும் தொடக் கூடாது, காற்று மட்டும்தான் படலாம் என்றும் சொல்லி வைத்திருந்தேன். இதில் சாமி சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஆரம்ப காலத்தில், காயாத பெயிண்டை ஆசையில் தடவிப் பார்த்து இரண்டு பேர் வேலையைக் கெடுத்துவிட்டார்கள். சத்தம் போட்டுத் தடுக்கிற ஆள் நான் இல்லை. அதனால் இப்படி ஒன்றைச் சொன்னேன். அது பரவி, பிறகு நானே மீற முடியாத விதியாகிவிட்டது.

என் வலது கை ஆள்காட்டி விரல் மரத்துப்போக ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பட்டுத்தான் இப்படி என்று நினைத்தேன். பிறகு சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது. முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. ராயபுரத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். விரலின் அருமை அவளுக்குத் தெரியும்.

"யோவ், கொதிக்கிற சட்டிய வெறுங்கையில தூக்கிக்கினு வர்ற. சுடல?"

"சுடல."

"சுடலன்னா இன்னா, சாமி வரம் குட்துக்குதா? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போற."

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு குண்டூசியை எடுத்து விரல் விரலாகக் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். ஆள்காட்டி விரலில் குத்தியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தெரிகிறது என்றேன். "கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க" என்றார். மூடினேன். அவர் குத்தி முடித்து ஊசியைக் கீழே வைத்த சத்தம்தான் கேட்டது. சர்க்கரை என்றார். போன உணர்வு திரும்பி வராது, மற்ற விரல்களுக்குப் போகாமல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பெயிண்டர் என்றேன். சுவருக்கு அடிப்பவன் என்று நினைத்துக்கொண்டு, ஏணியில் ஏறும்போது ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பினார். நான் திருத்தவில்லை. சொல்லாமல் விட்ட முதல் இடம் அது.

ஏர் பிரஷ் என்பது பேனா மாதிரி பிடிக்கிற சின்னக் கருவி. வால் பக்கம் ஒரு குழாய் போய்க் கம்ப்ரஸரில் சேரும். மேலே ஒரு பொத்தான் இருக்கும். அதை ஆள்காட்டி விரலால் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பெயிண்ட் வரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு தடிமனாகக் கோடு விழும். ஒரு இமை முடி போடுவதற்கான இழுப்பு, நகத்தின் கனத்தில் பாதிகூட இருக்காது. அதைக் கண்ணால் அளக்க முடியாது, விரல்தான் சொல்ல வேண்டும். பேனாவில் இந்தத் தொல்லை கிடையாது. எப்படிப் பிடித்தாலும் ஒரே தடிமனில் எழுதும். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

கொஞ்ச நாள் புலியும் நெருப்புமாக ஓட்டினேன். அவை தடிமனாக விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. மனைவி ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"வர்றவங்க கிட்ட சொல்லிடு. விரலு சரியில்ல, மூஞ்சி போட மாட்டேன், கலரு மட்டும் அடிக்கிறேன்னு சொல்லு."

"சொல்றேன்."

"எப்ப? நாக்க வாடகைக்கி வுட்டுக்கீறியா நீ?"

அந்த வாரம்தான் வியாசர்பாடியிலிருந்து அவர் வந்தார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கழற்றிய டேங்க் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், இது என் தம்பி வண்டி. போன வர்ஷம் மஞ்சக்காமாலையில போய்ட்டான். ஃபுட்பால்ல கோல் கீப்பரு. ஏரியால யார வேணா கேளுங்க."

போனில் படத்தைக் காட்டினார். சிரிக்காத முகம். கண் மட்டும் சிரித்தது.

"மூஞ்சி ஃபுல்லா வேணாம் மாஸ்டர். ரெண்டு கண்ணு போதும். அம்மா அதான் கேட்டுக்கினு கீது. வண்டிய விக்கவும் வுடல, ஓட்டவும் வுடல. தெனமும் தொடச்சி தொடச்சி வெக்குது. இன்னும் மூணு வாரத்துல வர்ஷ நாளு. அன்னிக்கி வண்டிய வெளிய எட்த்துடலாம்னு சொல்லிக்கீது."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எந்தக் கிழமை?" என்று கேட்டேன்.

"புதன்கெழம."

வாங்கி வைத்துக்கொண்டேன். இது இரண்டாவது இடம்.

என் மனசில் ஓடிய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு கண்களை ஒழுங்காகப் போட்டுவிட்டால், என் கைக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது என்று அர்த்தம். போட முடியாவிட்டால் முகம் போடுகிற வேலை எனக்கு முடிந்துபோனது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருடைய டேங்கில் என் பரீட்சையை எழுதத் துணிந்தேன் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று அப்படித் தோன்றவில்லை.

பழைய மட்கார்டு ஒன்றில் ஒத்திகை பார்த்தேன். இமை முடிகள் கயிறு மாதிரி விழுந்தன. குறை ஏர் பிரஷ்ஷில் என்று முடிவு கட்டினேன். அது பதினோரு வருஷம் உழைத்தது, பொத்தானின் ஸ்பிரிங் இறுகிக் கிடந்தது. அதற்கப்புறம் டீ குடிக்கிற நேரமெல்லாம் போனில் ஏர் பிரஷ் வீடியோவாகவே பார்த்தேன். அதில் ஒருநாள் எனக்கு வேண்டியதைப் பார்த்தேன். துப்பாக்கி மாதிரி பிடி வைத்தது. ஆள்காட்டி விரலுக்கு அதில் வேலையே இல்லை. நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து குதிரையை, அதாவது விசையை, இழுத்தால் காற்றும் பெயிண்டும் சேர்ந்து வரும். பின்னால் ஒரு திருகு உண்டு. அதை முடுக்கி வைத்தால் எவ்வளவு இழுத்தாலும் நாம் வைத்த தடிமனுக்கு மேல் வராது. விரலுக்கு உணர்வு வேண்டியதில்லை, திருகு பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டுக்காரர் ஒருவர், விரல்கள் எல்லாம் வளைந்துபோனவர், அதை வைத்து ஒரு பூனையின் மீசையைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த மீசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுவாரம் பாரிமுனைக்குப் போனேன். ஒரு சந்துக்குள், பெயிண்ட் சாமான் மட்டும் விற்கிற கடை. நான் பல வருஷமாகப் போகிற இடம்தான். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் சென்னையில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"வாங்க, வாங்க. ஆளக் காணவே இல்லயே. கப்பலேறிட்டியளோன்னு நெனச்சேன்."

"ஏர் பிரஷ் பாக்கணும்."

கண்ணாடி மேஜை மேல் ஒரு துணியை விரித்து மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று, கீழே பாட்டில் தொங்குகிற மாதிரி. பனியனில் படம் போடுகிறவர்கள் வாங்குவது. அதை நான் பார்க்கவே இல்லை. இன்னொன்று ஜப்பான் பேனா. உள்ளே புள்ளி இரண்டு மில்லிமீட்டர் நீடில், அதாவது ஊசி, முடியை விட மெல்லிய கோடு போடக்கூடியது. பொத்தானைத் தொட்டால் வெண்ணெய் மாதிரி நகரும். மூன்றாவது, நான் தேடி வந்த துப்பாக்கி. அதைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் தாமாகவே போய்க் குதிரையில் உட்கார்ந்தன. இழுத்தேன். இழுப்பது தெரிந்தது. எவ்வளவு தூரம் வருகிறது, எங்கே நிற்கிறது என்பது எல்லாம் தெரிந்தது. ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

"இது இப்ப நல்லாப் போவுது," என்றார் கடைக்காரர். "வீட்ல கேக் செய்யுதாங்கல்லா, அவங்க வாங்குதாங்க. போன வாரம் ஒரு அக்கா ரெண்டு கொண்டு போனாங்க. பழக்கமே வேண்டாம், எடுத்தா அடிச்சிரலாம்."

அப்போது இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கொருக்குப்பேட்டையில் பெயிண்ட் வேலை செய்கிறவன். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல கை. அவன் போட்ட டேங்குகளை நான் ரோட்டில் பார்த்து நின்றிருக்கிறேன். அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"மாமு, இது யாரு தெர்தா?" என்று கூட வந்தவனிடம் சொன்னான். "திருவொத்தியூர் மாஸ்டரு. கண்ணு தொறக்குறாருன்னு சொல்வேனே, அவரு. இவரு கண்ணு போட்டா ராத்திரில வண்டி தானா ஸ்டார்ட் ஆவும்டா."

நான் சிரித்தேன். சிரிப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அவன் என் கையைப் பார்த்தான்.

"இன்னா மாஸ்டர், கேக்கு கடை கிடை தொறக்கப் போறீங்களா?"

மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை அவன். என்னிடம் உரிமையாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று சொன்னான். கூட வந்தவன் சிரித்தான், கடைக்காரரும் சிரித்தார். என் காது சூடானது. அந்தச் சூடு மட்டும் நன்றாகத் தெரிகிறது எனக்கு.

"சும்மா பாத்தேன்" என்று துப்பாக்கியைத் துணிமேல் வைத்தேன்.

"அவரு சும்மா பாக்காரு. அவருக்கு இதெல்லாம் எதுக்கு? இந்தாங்க," என்று கடைக்காரர் ஜப்பான் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

விரலில் உணர்வு இல்லை, இதுதான் எனக்குச் சரி வரும் என்று சொல்வதற்கு எத்தனை வார்த்தைகள் வேண்டும்? அந்த மூன்று பேரும் நல்லவர்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு ஐயோ பாவத்தோடு முடிந்திருக்கும். அந்த ஐயோ பாவம்தான் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. மாஸ்டர் என்று ஒருவன் வாயாரச் சொல்லி முடித்த அரை நிமிஷத்தில் அதைக் கழற்றி மேஜைமேல் வைக்க மனசு வரவில்லை.

அந்தக் கடையில் ஏர் பிரஷ்ஷைச் சோதிப்பதற்குப் பெயிண்ட் தர மாட்டார்கள். கிண்ணத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிச் செய்தித்தாளில் அடித்துப் பார்க்க வேண்டும். பையன்கள் இருவரும் தாளை இழுத்து விரித்தார்கள்.

"மாஸ்டர், ஒரு கண்ணு போடுங்க. நா வீடியோ எட்த்துக்கிறேன்."

தண்ணீரில் ஒரு கண் போட்டேன். தாள் தண்ணீரை உறிஞ்சியதும் மெல்லிய கோடு, தடித்த கோடு எல்லாம் ஒன்றுபோல ஊறிப் பரவின. நல்ல கையா கெட்ட கையா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. "செம மாஸ்டர்" என்றான் கொருக்குப்பேட்டைக்காரன். கடைக்காரர் பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள் மின்விசிறிக் காற்றில் கண் காய்ந்து, மறுபடி வெறும் செய்தித்தாளாகிவிட்டது. கையிலிருந்த பணம் முழுவதும் அந்தப் பேனாவுக்குப் போனது. மூன்றாவது இடம் அது.

மறுநாள் மாற்றி வாங்கலாம் என்று அதே சந்து முனை வரைக்கும் போனேன். கடை வாசலில் மூன்று நாலு பேர் நின்றிருந்தார்கள். போகட்டும் என்று எதிரில் ஒரு டீ குடித்தேன். போனார்கள், வேறு இரண்டு பேர் வந்தார்கள். இன்னொரு டீ குடித்துவிட்டு மெட்ரோ ஏறித் திரும்பி வந்துவிட்டேன்.

புதுப் பேனா என் பழசை விட மோசமாக நடந்துகொண்டது. காரணம் எனக்கு இரண்டாம் நாள்தான் விளங்கியது. பழசின் இறுகிய ஸ்பிரிங்கை இழுக்கும்போது, விரல் நுனிக்குத் தெரியாவிட்டாலும் விரல் முட்டிக்குக் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தது. இதன் வெண்ணெய்ப் பொத்தானில் முட்டிக்கும் ஒன்றும் தெரியவில்லை. நல்ல விரலுக்கு எது வசதியோ அதுவே எனக்கு இருட்டாகிவிட்டது. அத்தனை மெல்லிய நீடிலில் இன்னொரு தொல்லை, முனையில் பெயிண்ட் உடனே காய்ந்து அடைத்துக்கொள்ளும். இழுத்தால் வராது. இன்னும் இழுத்தால் வராது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் மொத்தமாகக் கொட்டும். கொட்டியதைக் காற்று நாலா பக்கமும் தள்ளி, எட்டுக் கால் போட்டுச் சிலந்தி மாதிரி ஆக்கிவிடும்.

ஆனாலும் கண்களைப் போட்டேன். பழைய எக்ஸ்ரே தாளில் வளைவுகளை வெட்டி, டேங்கில் ஒட்டி, ஓரத்தில் மட்டும் பெயிண்ட் படுகிற மாதிரி அடித்தால் விரலின் வேலை குறையும். என் மனைவியின் இடுப்பு எக்ஸ்ரே முழுவதும் அதில் போனது. "என் இடுப்ப வெட்டி எவன் கண்ணுக்கோ வெக்கிறியா?" என்று கேட்டாள். இமை, புருவம், விழி, விழிக்குள் இருக்கிற பழுப்பு வளையம் எல்லாம் ஒவ்வொரு துண்டாக வெட்டிப் பன்னிரண்டு நாளில் முடித்தேன். ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால் நன்றாகவே இருந்தது. எண்ணூர் பக்கமிருந்து அனல்மின் நிலையச் சாம்பல் பறந்து வந்து படிகிற நாட்கள் அவை. கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சை அடித்தால் தூசு ஒட்டும் என்று, நடுவில் அடிக்க வேண்டிய ஒரு கோட் கிளியரை அடிக்காமல் விட்டேன். அதை அடித்திருந்தால், மேலே தப்பு விழுந்தாலும் அடியில் இருப்பது கெடாமல் துடைத்திருக்கலாம்.

புள்ளிகள் மட்டும் பாக்கி. சனிக்கிழமை மனைவி டேங்கைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"புள்ளிய இப்பவே ஒரு குச்சில தொட்டு வெச்சிடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"அவங்க வந்து நிக்கும்போதுதான் வெக்கணும்."

"நின்னா நிக்கட்டும். அவங்க முன்னாலயே குச்சில வையி."

"குச்சி கண்ணத் தொடும்."

"அது நீ கட்டி வுட்ட கதை தானய்யா!"

கதைதான். ஆனால் அந்த அம்மா அதைக் கேட்டு நம்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். அண்ணன், அம்மா, தம்பியோடு விளையாடிய இரண்டு பேர். அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கையில் ஒரு மெழுகுவத்தி வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் புத்தர் படம்தான், கற்பூரம் கிடையாது என்று அண்ணன் சொன்னார். அம்மா உள்ளே வந்து அதை ஏற்றப் பார்த்தார்.

"எம்மா, உள்ள தின்னர் கீது. பத்திக்கினா தம்பி கூட நம்மளும் போய்ச் சேர வேண்டியதுதான். வெளிய வெய்யி."

"போனா இன்னாடா இப்ப?" என்று சொல்லிவிட்டு அம்மா வாசல்படியில் ஏற்றி வைத்துவிட்டு வந்தார். பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டேன். உட்கார்ந்தார். டேங்க் ஸ்டாண்டில் அவருக்கு நேராக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புருவம் அவனுதுதான்," என்றார். "தொறந்து வுடு நைனா. ஒரு வர்ஷமா மூடிக்கினு கீறான்."

கம்ப்ரஸரைப் போட்டேன். வெள்ளையை ஊற்றி, அட்டையில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். சரியாக விழுந்தது. இரண்டாவது வைத்தேன். அதுவும் சரி. அந்த இரண்டு புள்ளிகளை நம்பி டேங்கின் பக்கம் திரும்பினேன். திரும்பி, குனிந்து, மூச்சை நிறுத்தி, இடத்தைப் பார்த்துக்கொள்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் முனை காய்ந்திருக்க வேண்டும். இழுத்தேன், வரவில்லை. இழுத்தேன். எவ்வளவு இழுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளை கொட்டிக் கருவிழி முழுவதும் பரவியது. எட்டுக் கால். இடது கண் பூ விழுந்த கண் மாதிரி ஆகிவிட்டது.

விளையாட்டுக்காரர்களில் ஒருவன் மற்றவனிடம் மெதுவாக, "இர்ரா, மாஸ்டர் இன்னும் முடிக்கல" என்றான். இதுவும் என் வேலையில் ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டான்.

பழக்க தோஷத்தில் துணியைத் தின்னரில் நனைத்து எடுத்தேன்.

"மாஸ்டர்," என்றார் அண்ணன். "தொடக் கூடாதுன்னு சொல்வீங்களே?"

நான் தொட்டுவிட்டேன். வெள்ளை வந்தது, அதோடு அடியிலிருந்த கறுப்பும் பழுப்பும் சேர்ந்து வந்தன. இன்னொரு முறை துடைத்தேன். இமையின் கீழ்க்கோடும் போய்விட்டது. சுத்தமாக்கிவிடலாம், திரும்பப் போட்டுவிடலாம் என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"வுடுப்பா. அவனப் போட்டுத் தேய்க்காத. வுடு."

அவர் பிடித்தது என் ஆள்காட்டி விரலையும் உள்ளங்கையையும் சேர்த்து. உள்ளங்கையில் மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் சொன்னேன். விரலில் உணர்வு இல்லை, மரத்துப்போய்விட்டது என்று. வெளியே ஒரு டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது, அது போய் முடிகிற வரைக்கும் அண்ணன் என்னையே பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"ஒண்ணர வருஷமா."

"தெரிஞ்சேதான் வாங்கி வெச்சியா?" என்றார். மாஸ்டர் போய்விட்டது, நீங்களும் போய்விட்டது. "மூணு வாரம் உன்ன நம்பி இருந்தேனேய்யா. அன்னிக்கே சொல்லியிருந்தா நா வேற எடம் பாத்துருப்பேனே. வர்ஷ நாளு புதன்கெழம. நடுவுல ரெண்டே நாளு கீது. இப்ப எவன் கிட்ட போயி நிப்பேன்?"

புது ஏர் பிரஷ் வாங்கினேன், பன்னிரண்டு நாள் உழைத்தேன் என்றெல்லாம் தொண்டை வரை வந்தது. சொன்னால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

"அவன ஏன்டா வையிற?" என்றார் அம்மா. "வா, போவலாம்." பிறகு, கெடாமல் இருந்த அந்த ஒரு கண்ணைப் பார்த்தார். அதில் புள்ளி இல்லை. "இதயாச்சும் தொறக்க முடியுமா நைனா?"

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

டேங்கை உடனே எடுத்துப்போக முடியாது, துடைத்த இடம் ஈரமாக இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று அண்ணன் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, விளையாட்டுக்காரர்களிடம் சொன்னார். அம்மா வாசலில் குனிந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்து, சூடு ஆறுவதற்கு ஆட்டிக்கொண்டே எடுத்துப் போனார்.

மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். டேங்கைப் பார்த்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"அப்புறமா."

தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பு சூடாக இருக்கிறது, பார்த்துத் தொடு என்றாள். நான் இடது கையால் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு அண்ணன் மட்டும் வந்தார். டேங்கைப் பழைய போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனார். பதினோரு மணிக்கு ஒரு ஸ்கூட்டர் மட்கார்டு வந்தது. கறுப்பு மட்டும் அடித்தால் போதும் என்றார்கள். அடித்துக் கொடுத்தேன்.